இலையுதிர்காலத்துக்கு எந்தப் பீர்? வீட்டில் காய்ச்சுவோருக்கு ஓர் ஒப்பீடு

இலையுதிர்காலத்தில் அருந்த வேண்டிய பீரைப் பெரும்பாலும் கோடையிலேயே காய்ச்சியாக வேண்டும். குளிர்ச்சியை மிகுதியாகக் கேட்கும் வகைகள், வீடு மிகவும் சூடாக இருக்கும் மாதங்களில் நொதிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் பீர் காய்ச்சுவோர் இந்தப் பருவத்துக்கான வகையைத் தேர்ந்தெடுக்கும்போது சுவை விருப்பத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதும், பின்னர் ஏமாற்றமடைவதும் இதனால்தான். எந்த வாரத்தில் முதல் புட்டியைத் திறக்க வேண்டும், அதுவரை எத்தனை வாரங்கள் இருக்கின்றன, ஃபெர்மென்டரை, அதாவது பீர் நொதிக்கும் கலனை, எந்த வெப்பநிலையில் தொடர்ந்து வைத்திருக்க முடியும் என்ற மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை கண்டுவிட்டால், தேர்வு பாதிக்கு மேல் முடிந்துவிடும். சுவை பற்றிய கேள்வியை அதன் பிறகு எழுப்புவதே முறை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இந்தச் சிக்கல் புதிதன்று. பவேரியாவில் 1553-இல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் பிரபு பிறப்பித்த ஆணை, ஏப்ரல் 23-ஆம் நாள் முதல் செப்டம்பர் 29-ஆம் நாள் வரை பீர் காய்ச்சுவதைத் தடை செய்தது. வெயில் மாதங்களில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனதே அதற்குக் காரணம். ஆகவே காய்ச்சுவோர் மார்ச் மாதத்தில் சற்று வலுவாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் கோடை முழுவதும் வைத்திருந்து, எஞ்சியதை இலையுதிர்காலத்தில் குடித்துத் தீர்த்தார்கள். மார்ட்சன் என்ற வகை அந்த வழக்கத்திலிருந்து வளர்ந்தது. இன்று வீட்டில் காய்ச்சுபவர் முன்னால் இருக்கும் வழிகளும் ஏறத்தாழ அவையேதான்: முன்கூட்டியே காய்ச்சிக் குளிரில் வைப்பது, செயற்கையாகக் குளிர்ச்சியை உண்டாக்குவது, அல்லது அவ்வளவு குளிர்ச்சி தேவைப்படாத வேறொரு வகைக்கு மாறுவது.

வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடமளிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும், ஏற்கெனவே ஓரிரு முறையாவது காய்ச்சிப் பழகியவர்களுக்கும் இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது. அளவுகள் அனைத்தும் 20 லிட்டர் பீருக்கானவை.

மார்ட்சனும் ஃபெஸ்ட்பியரும்

இலையுதிர்காலம் என்றதும் பலர் நினைவுக்கு வருவது மியூனிக் நகரின் அக்டோபர்ஃபெஸ்ட். இளவரசர் லுட்விக், தெரேஸே ஆகியோரின் திருமணத்தையொட்டி 1810-இல் தொடங்கிய அந்த விழாவில், 1872-இல் செம்பழுப்பு நிற மார்ட்சன் பரிமாறப்பட்டது. அதன் பிறகு நெடுங்காலம் அந்தப் பீரே விழாவின் அடையாளமாக இருந்தது. ஆனால் இன்று அங்கே கூடாரங்களில் ஊற்றப்படுவது பொன்னிறமான, இலகுவான ஃபெஸ்ட்பியர். ஒரே விழாவைச் சேர்ந்த இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வது எளிது. காய்ச்சுபவருக்கோ இரண்டும் வேறு வேறு வேலைகள்.

மார்ட்சனின் தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன், நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.054 முதல் 1.060 வரை, கசப்பு 18 முதல் 24 ஐ.பி.யு. (பீரின் கசப்பை அளக்கும் அலகு) வரை, ஆல்கஹால் 6 விழுக்காட்டை ஒட்டியது. ஃபெஸ்ட்பியரின் எண்களும் கிட்டத்தட்ட இவையே. வேறுபாடு மால்ட்டில், அதாவது முளைக்கவைத்து உலர்த்திய தானியத்தில், இருக்கிறது. மார்ட்சனில் மியூனிக் மால்ட்டும் வியன்னா மால்ட்டும் பெரும்பங்கு வகிக்கின்றன. வாட்டிய ரொட்டியின் மேலோடு போன்ற மணத்தை அவை தருகின்றன. ஃபெஸ்ட்பியரில் பில்ஸ்னர் மால்ட் முதன்மை பெற, மற்றவை பின்னணியில் நிற்கின்றன.

வீட்டில் காய்ச்சுபவருக்கு இவ்விரண்டில் நான் பரிந்துரைப்பது மார்ட்சனை. ஃபெஸ்ட்பியரில் மறைவிடமே இல்லை. நொதித்தலின்போது இரண்டு டிகிரி தவறினாலும், தண்ணீரின் காரத்தன்மை சற்று மிகுந்திருந்தாலும், புட்டியில் அடைக்கும்போது காற்று புகுந்தாலும் அந்த வெளிர்ந்த பீர் எல்லாவற்றையும் நாவுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். மார்ட்சனின் மால்ட் ஆழம் சிறு குறைகளைத் தாங்கிக்கொள்ளும். மேலும், மியூனிக் மால்ட் தரும் சுவைக்கும் குளிர்ந்து வரும் மாலைகளுக்கும் உள்ள பொருத்தம் ஃபெஸ்ட்பியருக்கு இல்லை. ஃபெஸ்ட்பியர் பெரிய கூட்டத்தில் பெரிய குவளைகளில் குடிப்பதற்கென உருவானது. வீட்டில் ஒரு புட்டியைத் திறந்து நிதானமாக அருந்துபவருக்கு மார்ட்சனே அதிகம் தரும்.

மியூனிக் மால்ட் 2.6 கிலோ, வியன்னா மால்ட் 1.3 கிலோ, பில்ஸ்னர் மால்ட் 1.3 கிலோ என்ற கலவை, மாஷின் (நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையைப் பிரிக்கும் கட்டம்) திறன் 70 விழுக்காட்டுக்குச் சற்று மேலே இருந்தால், 1.056 என்ற அடர்த்தியைத் தரும். மாஷை 66 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 4 விழுக்காடு கொண்ட ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) 50 கிராமைக் கொதியின் தொடக்கத்திலேயே போட்டால் 22 ஐ.பி.யு. அளவுக்குக் கசப்பு கிடைக்கும். பின்னர் வேறு ஹாப்ஸ் தேவையில்லை. மாஷின் ஒரு பகுதியை எடுத்துக் கொதிக்கவைத்து மீண்டும் சேர்க்கும் பழைய டிகாக்ஷன் முறையை விரும்பிச் செய்பவர்கள் செய்யலாம். மியூனிக் மால்ட்டின் பங்கு பாதியாக இருக்கும்போது அந்த உழைப்பு கட்டாயமில்லை.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். மார்ட்சனில் கேரமல் மால்ட்டைச் சேர்க்காதீர்கள். பல செய்முறைகள் நிறத்துக்காகவும் 'செழுமைக்காகவும்' அரைக் கிலோ வரை சேர்க்கச் சொல்கின்றன. அதன் விளைவு, இரண்டாவது குவளையை வேண்டாம் என்று சொல்லவைக்கும் தித்திப்பு. நல்ல மார்ட்சன் முதல் மிடறில் இனிப்பதுபோல் தோன்றி, விழுங்கியபின் வறண்டு முடியும். இறுதி அடர்த்தி 1.010-க்கும் 1.014-க்கும் இடையே இறங்க வேண்டும். மால்ட்டின் மணம் வேறு, சர்க்கரையின் இனிப்பு வேறு. இந்த வகையின் அழகு முழுவதும் இவை இரண்டும் பிரிந்து நிற்பதில்தான் இருக்கிறது.

செய்முறை எளிது, நொதித்தல்தான் கடினம். மார்ட்சன் ஒரு லாகர், அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர். லாகர் ஈஸ்ட் 9 முதல் 12 டிகிரியில் வேலை செய்ய வேண்டும் என்பது மரபு. அந்தக் குளிரில் ஈஸ்ட் மெதுவாகப் பெருகுவதால், சற்று வெப்பமான நிலையில் நொதிக்கும் ஏல் வகைக்குத் தேவையானதைப் போல் இரு மடங்கு இட வேண்டும்: மில்லிலிட்டருக்கும் ஒவ்வொரு பிளேட்டோ டிகிரிக்கும் (தொடக்க அடர்த்தியை அளக்கும் இன்னோர் அலகு) 15 லட்சம் செல்கள் என்ற வழக்கமான கணக்கின்படி, 20 லிட்டர் மார்ட்சனுக்குச் சுமார் 40,000 கோடி செல்கள். உலர் ஈஸ்ட் என்றால் 11.5 கிராம் பொட்டலங்கள் இரண்டு. திரவ ஈஸ்ட் என்றால் ஈஸ்ட்டைப் பெருக்கும் பெரிய ஸ்டார்ட்டர் ஒன்றை முன்கூட்டியே வளர்க்க வேண்டும். இதைவிட நல்ல வழி, மார்ட்சனுக்கு மூன்று வாரம் முன்னதாக வியன்னா லாகர் போன்ற சற்று இலகுவான லாகர் ஒன்றைக் காய்ச்சி, அதன் அடியில் படிந்த ஈஸ்ட்டை எடுத்து மார்ட்சனில் இடுவது. ஈஸ்ட் தாராளமாகக் கிடைக்கும். மார்ட்சன் முதிரும் வரை குடிக்கவும் ஒரு பீர் இருக்கும்.

நொதித்தல் முக்கால் பங்கு முடிந்ததும் வெப்பநிலையை 16 அல்லது 17 டிகிரிக்கு உயர்த்தி மூன்று நான்கு நாள் விட்டுவைத்தால், வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட்டே உறிஞ்சிவிடும். அது முடிந்ததா என்று அறிய எளிய சோதனை உண்டு: மூடிய சிறு கண்ணாடிக் கலத்தில் சிறிதளவு பீரை எடுத்து 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்துப் பின் குளிரவைத்து, சூடாக்காத பீரோடு ஒப்பிட்டு முகர வேண்டும். சூடாக்கியதில் வெண்ணெய் மணம் எழுந்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். அதன் பின் 0 முதல் 4 டிகிரி வரையான குளிரில் ஆறு முதல் எட்டு வாரம் முதிரவைக்க வேண்டும். ஆக, காய்ச்சும் நாளிலிருந்து நல்ல நிலையில் ஒரு புட்டி திறக்கும் நாள் வரை ஏறத்தாழ பன்னிரண்டு வாரம் ஆகும். செப்டம்பர் இறுதியில் அருந்த விரும்புபவர் ஜூலை முதல் வாரத்துக்குள் காய்ச்சிவிட வேண்டும். தென் அரைக்கோளத்தில் இலையுதிர்காலம் மார்ச்சில் தொடங்குவதால், அங்கே காய்ச்சும் மாதம் டிசம்பர்.

வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்திய தனிக் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் இவை யாவும் இயல்பான வேலைகளே. அது இல்லாதவருக்கு இடைவழி ஒன்று இருக்கிறது. டபிள்யூ-34/70 என்ற லாகர் ஈஸ்ட் 15, 16 டிகிரியிலும் பெரிதும் தூய்மையாகவே நொதிக்கிறது. ஃபெர்மென்டரை நீர்த் தொட்டியில் நிறுத்தி, உறைந்த நீர்ப் புட்டிகளைக் காலையும் மாலையும் மாற்றிக்கொண்டே இருந்தால், குளுமையான ஓர் அறையில் இந்த வெப்பநிலையைப் பிடித்து வைக்கலாம். குளிரில் முதிரவைக்கும் கட்டத்தைப் புட்டிகளுக்கு மாற்றி, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இடம் கிடைக்கும் அளவுக்கு வைக்கலாம். இப்படிச் செய்த பீர் மார்ட்சனை நெருங்கி வரும், ஆனால் அதன் மழமழப்பு முழுமையாக வராது. நொதிக்கும் பீர் தானே வெப்பத்தை உண்டாக்கி, அறையைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி வரை உயர்ந்து நிற்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அறையின் வெப்பமானியைப் பார்த்து ஆறுதல் அடைவதில் பயனில்லை. ஃபெர்மென்டரின் பக்கவாட்டில் ஒட்டிய வெப்பமானியே உண்மையைச் சொல்லும்.

ஆல்ட்பியர்: கவனிக்கப்படாத நடுவழி

என் கணிப்பில், குளிர்சாதன வசதி அரைகுறையாக உள்ளவர்களுக்கு மிகப் பொருத்தமான இலையுதிர்கால பீர், டுசெல்டார்ஃப் நகரின் ஆல்ட்பியர். செம்பு நிறம், மியூனிக் மால்ட்டின் ஆழம், வறண்ட முடிவு என்று மார்ட்சனுக்குரிய பண்புகளில் பல இதிலும் உண்டு. ஆனால் இது ஏல் ஈஸ்ட்டால் நொதிப்பது. 15 முதல் 18 டிகிரி போதும். ஈஸ்ட்டின் அளவும் லாகருக்குத் தேவைப்படுவதில் பாதிதான். நொதித்தபின் மூன்று நான்கு வாரம் குளிரில் வைத்தால் துல்லியமாகத் தெளிந்துவிடும்.

மார்ட்சனிலிருந்து இது விலகும் இடம் கசப்பு. தொடக்க அடர்த்தி 1.044 முதல் 1.052 வரை இருக்கையில், கசப்பு 25-இல் தொடங்கி 50 ஐ.பி.யு. வரை போகலாம். டுசெல்டார்ஃபின் பழைய நகரிலுள்ள யூரிகே என்ற காய்ச்சுமனையின் ஆல்ட் அந்த மேல் எல்லையைத் தொடும் கசப்புடையது. வேறு சில மனைகளின் ஆல்ட் அதைவிட மென்மையானது. யூரிகே ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் அக்டோபரிலும், ஷ்டிக்கே என்ற வலுவான வடிவத்தை வெளியிடுகிறது. ஆகவே அக்டோபருக்கு ஆல்ட் காய்ச்சுபவர் அந்த ஊர் மரபுக்கு வெளியே போவதில்லை. வீட்டில் முதல் முறை காய்ச்சுபவர் 35 ஐ.பி.யு. அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. ஷ்பால்ட் ஹாப்ஸ் மரபானது. கிடைக்காவிட்டால் ஹாலர்டாவ் அல்லது டெட்நாங் பயன்படுத்தலாம்.

ஆல்ட்டுக்கு ஏழு முதல் எட்டு வாரம் போதும். ஆகஸ்ட் தொடக்கத்தில் காய்ச்சியது செப்டம்பர் இறுதியில் தயார். மார்ட்சனுக்கான காலத்தைத் தவறவிட்டவர்கள் அவசரப்பட்டு அரைகுறை லாகர் ஒன்றைச் செய்வதைவிட, முழுமையான ஆல்ட் ஒன்றைச் செய்வது பல மடங்கு மேல். கசப்பை அறவே விரும்பாதவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

பிரவுன் ஏல்

குளிர்சாதனப் பெட்டியும் இல்லை, வாரங்களும் குறைவு என்பவருக்கு உரியது பிரவுன் ஏல். 18 முதல் 20 டிகிரி வெப்பநிலையில் நொதித்து, ஐந்து வாரத்தில் குடிக்கத் தயாராகும். எஸ்-04 போன்ற ஆங்கிலேய உலர் ஈஸ்ட் ஒரு பொட்டலம் போதும். நான்கைந்து நாளில் நொதித்தல் பெரும்பாலும் முடிந்து, ஈஸ்ட் கட்டியாகப் படிந்துவிடும். மார்ட்சனில் காலமும் குளிரும் செய்யும் வேலையை இங்கே வறுத்த தானியம் செய்கிறது. மாரிஸ் ஆட்டர் மால்ட் 4 கிலோ, நடுத்தர நிறமுள்ள கிரிஸ்டல் மால்ட் 350 கிராம், சாக்லேட் மால்ட் 200 கிராம் என்ற எளிய கலவையே 1.049 அளவில் கொட்டைப் பருப்பு மணமும் டாஃபி சாயலும் கொண்ட பீரைத் தரும். மார்ட்சனில் நான் விலக்கச் சொன்ன கேரமல் மால்ட்டின் மறுபெயரே கிரிஸ்டல் மால்ட்; இங்கே அது வரவேற்கத்தக்கது, ஏனெனில் வறுத்த மால்ட்டின் மெல்லிய கசப்பு அந்த இனிப்பைச் சமன் செய்கிறது. சாக்லேட் மால்ட்டை மட்டும் கூட்டக் கூடாது. 5 விழுக்காட்டைத் தாண்டினால் பீர் போர்ட்டர் என்ற கறுத்த வகையின் பக்கம் சாயத் தொடங்கும்.

ஆங்கிலேய வடிவமா, அமெரிக்க வடிவமா என்பது அடுத்த கேள்வி. ஆங்கிலேய பிரவுனில் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ், ஃபகிள் போன்ற மண்வாசனை ஹாப்ஸ் 25 ஐ.பி.யு. அளவுக்குள் அடங்கி நிற்கும். அமெரிக்க பிரவுன் 1980-களில் உருவானது. 1986-இல் வெளிவந்த பீட்ஸ் விக்கெட் ஏல் அதைப் பரவலாக்கியது. அதில் மால்ட்டும் கூடுதல், ஹாப்ஸின் மணமும் கூடுதல். இந்தப் பருவத்துக்கு நான் ஆங்கிலேய வடிவத்தையே தேர்ந்தெடுப்பேன். எலுமிச்சை, ஆரஞ்சு மணமுள்ள ஹாப்ஸ் நாவை மீண்டும் கோடைக்கே இழுத்துச் செல்கின்றன.

பிரவுன் ஏலில் வாயு குறைவாக இருப்பது நல்லது. மிகுந்த நுரை வறுத்த மால்ட்டின் சுவையைக் கூர்மையாக்கி உறுத்தவைக்கும். புட்டியில் வாயு ஏற, 20 டிகிரியில் நொதித்த 20 லிட்டருக்கு 90 கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரை போதும். மார்ட்சனுக்கு 125 கிராம் வரை ஆகும். அங்கே சர்க்கரையின் அளவுக்குக் கணக்கில் கொள்ள வேண்டியது குளிரில் வைத்த வெப்பநிலையை அன்று, நொதித்தபின் பீர் எட்டிய மிக உயர்ந்த வெப்பநிலையை. நீண்ட நாள் குளிரில் கிடந்த பீரில் ஈஸ்ட் வெகுவாகப் படிந்துவிட்டிருக்கும் என்பதால், அடைக்கும்போது இரண்டு கிராம் புதிய உலர் ஈஸ்ட்டைச் சேர்த்துவிட்டால் வாயு ஏறுமா என்ற கவலை இராது.

பூசணி ஏல்

அமெரிக்கக் குடியேற்றக் காலத்தில் மால்ட் அரிதாக இருந்ததால் பூசணியைச் சர்க்கரைக்கான மூலமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்று நாம் அறியும் மசாலா மணமுள்ள வடிவம் 1980-களில் கலிஃபோர்னியாவின் ஹேவர்டில் இருந்த பஃபலோ பில்ஸ் காய்ச்சுமனையிலிருந்து பரவியது. பி.ஜே.சி.பி. என்ற பீர் நடுவர் அமைப்பின் வழிகாட்டி, 'இலையுதிர்காலப் பருவ பீர்' என்ற பெயரையே இத்தகைய மசாலா பீர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. மார்ட்சன் அந்தப் பிரிவில் வருவதில்லை.

பூசணியைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதன் சதையில் பெரும்பங்கு நீர். சர்க்கரையும் மாவுச்சத்தும் கொஞ்சமே. இரண்டு கிலோ சதை 20 லிட்டரின் அடர்த்தியைச் சில புள்ளிகளுக்கு மேல் உயர்த்தாது, சுவையும் மெல்லியது. பூசணி மணம் என்று நாம் கருதுவது லவங்கப்பட்டை, சாதிக்காய், இஞ்சி, கிராம்பு ஆகியவற்றின் மணமே. பூசணி தருவது சற்றுக் கனமான வாயுணர்வும் இளஞ்செம்மை நிறமும்தான். அதையும் பெற வேண்டுமானால், துண்டுகளை 180 டிகிரி அடுப்பில் ஓரங்கள் சிவக்கும் வரை ஒரு மணி நேரம் சுட்டு, மாஷில் சேர்க்க வேண்டும். சதை மாஷைக் குழைத்து வடிகட்டலை அடைத்துவிடும் என்பதால், நெல் உமி இரண்டு மூன்று கைப்பிடி சேர்ப்பது அவசியம்.

மசாலாவைக் கொதியில் போடுவதைவிட வோட்காவில் ஒரு வாரம் ஊறவைத்த சாறாகச் சேர்ப்பதே பாதுகாப்பானது. கொதியில் போட்ட கிராம்பைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆறு மாதம் கழித்தும் அதன் காரம் தலைதூக்கி நிற்கும். சாறு என்றால், 100 மில்லிலிட்டர் பீரில் துளித்துளியாகச் சேர்த்துச் சுவைத்துப் பார்த்து, பிடித்த அளவை 200 மடங்காக்கி முழுப் பீரிலும் ஊற்றலாம்: 0.2 மில்லிலிட்டர் பிடித்திருந்தால் 40 மில்லிலிட்டர். மசாலா 'இருக்கிறதா, இல்லையா' என்று ஐயம் எழும் இடத்தில் நிறுத்துவது நல்லது.

முழு 20 லிட்டரையும் பூசணி ஏலாகச் செய்ய நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முதல் குவளையில் மகிழ்விக்கும் பீர், இருபதாவது புட்டியில் சலிப்பூட்டும். பருவம் கடந்தால் யாரும் தொடமாட்டார்கள். பிரவுன் ஏலைக் காய்ச்சி, அடைக்கும் நாளில் ஐந்து லிட்டரைத் தனியே பிரித்து, அதில் மட்டும் மசாலாச் சாறு சேர்த்தால் போதும். பூசணியே இல்லாவிட்டாலும் பெரும்பாலோர் வேறுபாட்டை உணரமாட்டார்கள்.

மசாலா மணம் வேண்டும், ஆனால் மசாலா வேண்டாம் என்பவருக்கு டுங்கல்வைசன் என்ற கறுத்த கோதுமை பீர் இருக்கிறது. பவேரியக் கோதுமை பீர் ஈஸ்ட் தானே கிராம்பு மணத்தையும் வாழைப்பழ மணத்தையும் உண்டாக்கும். மாஷை முதலில் 45 டிகிரியில் கால் மணி நேரம் நிறுத்தி, பின் 17, 18 டிகிரியில் நொதிக்கவைத்தால் கிராம்பு முன்னே நிற்கும். இது நான்கு வாரத்தில் தயாராகும். புதிதாக இருக்கும்போதே சிறந்தது.

பச்சை ஹாப்ஸ் ஏல்

இலையுதிர்காலத்துக்கே உரிய பீர் எது என்று கேட்டால், கண்டிப்பான பொருளில் இது ஒன்றுதான். மற்றவற்றை எந்த மாதத்திலும் காய்ச்ச முடியும். பறித்த ஹாப்ஸை உலர்த்தாமல் ஒரு நாளுக்குள் கொப்பரையில் இடும் இந்தப் பீரை அறுவடை நாட்களில் மட்டுமே காய்ச்ச முடியும்: வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் இறுதியும் செப்டம்பரும், நியூசிலாந்தின் நெல்சன் போன்ற தென்பகுதிகளில் பிப்ரவரி இறுதியும் மார்ச்சும். கலிஃபோர்னியாவின் சீகோவில் உள்ள சியரா நெவாடா 1996-இல் ஹார்வெஸ்ட் ஏல் என்ற பெயரில் இத்தகைய பீரை வெளியிட்டது. அதன் பிறகு இவ்வகை பரவலாகியது.

பச்சை ஹாப்ஸின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர். எனவே உலர்ந்தவற்றைப் போல் ஐந்து மடங்கு எடை தேவை: 20 லிட்டருக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை. அவற்றின் ஆல்ஃபா அமிலத்தின் அளவு தெரியாது என்பதால், கசப்பைத் தெரிந்த அளவுள்ள உலர் ஹாப்ஸால் கொடுத்துவிட்டு, பச்சையானவற்றை அடுப்பை அணைக்கும் தறுவாயிலும் அணைத்த பின்பும் சேர்ப்பதே நிதானமான வழி. அடிப்படை பீர் எளிமையாக இருக்க வேண்டும். வெளிர் மால்ட்டோடு சிறிது வியன்னா போதும். கிடைக்கும் மணம், அறுத்த புல்லையும் பச்சைத் தழையையும் ஒத்தது. உலர் ஹாப்ஸில் அது ஒருபோதும் வராது. சில வாரங்களிலேயே அது மங்கத் தொடங்கும் என்பதால், சேமித்து வைக்கும் எண்ணமுள்ளவர்கள் இதைத் தொடவேண்டாம்.

தோட்டத்தில் சொந்தமாக ஹாப்ஸ் கொடி வளர்ப்பவருக்கோ, ஹாப்ஸ் பண்ணைக்குச் சில மணி நேரப் பயணத் தொலைவில் இருப்பவருக்கோ தயக்கமே வேண்டாம். வேறு எந்தத் திட்டத்தையும் தள்ளிவைத்துவிட்டு இதைக் காய்ச்ச வேண்டும். மற்றவர்களுக்கு இது தேர்வே அன்று. பறித்து மூன்று நாளாகிப் பையில் புழுங்கிய பச்சை ஹாப்ஸைவிட நல்ல உலர் ஹாப்ஸ் எப்போதும் மேலானது.

எந்த நிலையில் எது

குளிர்சாதனப் பெட்டியும் பன்னிரண்டு வாரமும் கையில் இருந்தால் மார்ட்சன். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. முந்தைய ஆண்டுகளில் மார்ட்சனை நன்றாகக் காய்ச்சி முடித்தவர், தம் கைத்திறனைச் சோதித்துப் பார்க்க ஃபெஸ்ட்பியரைக் கையில் எடுக்கலாம். எட்டு வாரமும் 16 டிகிரியில் நிற்கும் நிலவறையோ நீர்த் தொட்டியோ இருந்தால் ஆல்ட்பியர். ஐந்து வாரமும் 20 டிகிரி அறையும் மட்டும் இருந்தால் ஆங்கிலேய பிரவுன் ஏல், விரும்பினால் அதில் ஒரு பகுதி மசாலாவோடு.

தானியத்துக்குப் பதில் மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டை (மால்ட்டிலிருந்து எடுத்துச் செறிவாக்கிய சாறு) கொண்டு காய்ச்சுபவர்களுக்கு வரிசை சற்று மாறும். மார்ட்சனின் சுவை முழுவதும் மியூனிக் மால்ட்டிலிருந்து வருவதால், மியூனிக் மால்ட்டால் செய்த எக்ஸ்ட்ராக்ட் கிடைத்தாலன்றி அதை முயல்வதில் பொருளில்லை. வெளிர் எக்ஸ்ட்ராக்ட்டில் கேரமல் மால்ட்டை ஊறவைத்து நிறமேற்றுவது மார்ட்சன் ஆகாது. பிரவுன் ஏலோ எக்ஸ்ட்ராக்ட்டுக்கு மிகவும் இணக்கமானது. கிரிஸ்டல் மால்ட்டும் சாக்லேட் மால்ட்டும் மாஷ் இல்லாமலே, 65 டிகிரி நீரில் அரை மணி நேரம் ஊறினாலே தம் சுவையைத் தந்துவிடும்.

தண்ணீரும் ஒரு முறை பார்க்கத்தக்கது. மாஷின் பி.எச். (அமில-கார அளவு) 5.2-க்கும் 5.6-க்கும் இடையே நிற்க வேண்டும். கறுத்த மால்ட் இயல்பாகவே அமிலத்தன்மை உடையது என்பதால், காரத்தன்மை மிகுந்த நீரில் பிரவுன் ஏலும் ஆல்ட்டும் எளிதாக அமையும். அதே நீரில் ஃபெஸ்ட்பியர் கரடுமுரடான கசப்போடு முடியும். வெளிர் பீர் செய்ய விரும்பும் அத்தகையோர், சுத்திகரித்த நீரைப் பாதியளவாவது கலந்துகொள்ள வேண்டும்.

அக்டோபர் பிறந்த பிறகே காய்ச்ச நேரம் கிடைத்தவர்கள் மேற்சொன்ன எதையும் விரட்டிப் பிடிக்கத் தேவையில்லை. அறை குளிரத் தொடங்கிய அந்த வாரங்களில், கூடுதல் கருவி எதுவும் இல்லாமலே 18 டிகிரி கிடைக்கும். அப்போது ஓட்ஸ் ஸ்டவுட் என்ற கறுத்த பீரைக் காய்ச்சலாம்: மொத்தத் தானியத்தில் பத்தில் ஒரு பங்கு அவல்போல் நசுக்கிய ஓட்ஸ், 6 விழுக்காடு வறுத்த பார்லி, சிறிது சாக்லேட் மால்ட், அடர்த்தி 1.055, கசப்பு 30 ஐ.பி.யு. ஆறு வாரம் கழித்து, நவம்பரின் நடுவில், இலைகள் பெரும்பாலும் உதிர்ந்து முடிந்த காலத்துக்கு அது சரியாக வந்து சேரும். மார்ட்சனைவிட அந்த வாரங்களுக்கு அதுவே பொருத்தமும்கூட.